பிறந்த ஊர்

"ஏண்டா, இது எந்தப் பாட்டி?" என்று கேட்டாள் என் அம்மா.

ஒரு பத்திரிகையின் விசேஷ மலருக்காக, எனக்குக் கதை சொல்லக் கற்றுக்கொடுத்தவர் யார் என்று எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். எழுதிக் கொடுத்தேன். அரிக்கேன் விளக்கு, திண்ணை, மடியில் தலை வைத்துப் படுத்திருக்கும் பேரன், வெற்றிலை வாசனையோடு நல்லதங்காள் கதை சொல்லும் பாட்டி. படித்தவர்கள் உருகிப்போனார்கள். 'என் பாட்டியையே பார்த்தது போல் இருந்தது' என்று பத்துப் பன்னிரண்டு கடிதங்கள் வந்தன. அந்தக் கடிதங்களை நான் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

உண்மை என்னவென்றால், என் பாட்டிமார் இருவரில் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. நான் பிறப்பதற்கு முன்பே இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எனக்குக் கதை சொன்னவள் என் அத்தை. சின்ன வயசிலேயே கணவனை இழந்து எங்கள் வீட்டோடு வந்து தங்கிவிட்டவள். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொல்லுவாள். மாவு அரைத்துக்கொண்டே சொல்லுவாள். மடியாவது, தலை சாய்ப்பதாவது! அவளுக்கு ஏது அவ்வளவு நேரம்? ராஜகுமாரி காட்டில் வழி தப்பி நிற்கும் இடத்தில், "போய் ஒரு செம்பு தண்ணி எடுத்துட்டு வா" என்பாள். நான் ஓடிப்போய்க் கொண்டுவரும் வரையில் ராஜகுமாரி காட்டிலேயே நிற்பாள்.

எழுத உட்கார்ந்தபோது அத்தை எப்படியோ பாட்டியாகிவிட்டாள். பாட்டி என்றால் வாசகருக்கு உடனே மனசில் ஒரு படம் விழுகிறது. அத்தை என்றால், அவள் ஏன் எங்கள் வீட்டில் இருந்தாள் என்று நாலு வரி விளக்கம் எழுத வேண்டும். கதைக்காரனுடைய கை அப்படிப் பழகிவிட்டது.

"உன் அத்தைக்கு நான்தான் வாசிச்சுக் காட்டினேன். அவளுக்குத்தான் கண் தெரியறதில்லையே," என்றாள் அம்மா. "முழுக்கக் கேட்டாள். 'நல்லாத்தான் எழுதியிருக்கான்'னு சொன்னாள். வேற ஒண்ணும் சொல்லலை."

அந்த 'வேற ஒண்ணும் சொல்லலை' என்பது என்னைத் தைத்துவிட்டது.

அதே வாரத்தில்தான், சிநேகிதர் ஒருவர் வற்புறுத்தி அழைத்ததன் பேரில், ஒரு திரைப்படச் சங்கத்தில் ஆர்ஸன் வெல்ஸ் எடுத்த 'ஒதெல்லோ' படத்தைப் பார்த்தேன். கல்லூரியில் எனக்கு அந்த நாடகம் பாடமாக இருந்தது. எங்கள் ஆசிரியர் இயாகோவின் வசனத்தைப் படிக்கும்போது புருவத்தை நெரித்துப் பல்லைக் கடிப்பார். படத்தில் வந்த இயாகோவோ பல்லையும் கடிக்கவில்லை, புருவத்தையும் நெரிக்கவில்லை. யாரும் நம்பிவிடக்கூடிய ஓர் ஆள், நாலு பேரோடு நாலு பேராக நடமாடிக்கொண்டிருந்தார். படத்தின் தொடக்கத்திலேயே அவரை ஓர் இரும்புக் கூண்டில் அடைத்துக் கோட்டைச் சுவரின் மேல் ஏற்றுகிறார்கள். கம்பிகளுக்குப் பின்னால் தெரிந்த அந்த முகம் வீட்டுக்கு வந்த பிறகும் என்னை விடவில்லை. யார் இந்த நடிகர் என்று தேடிப் படித்தேன்.

பெயர் மீஹால் மக்லியாமோர். அயர்லாந்தின் மேடையில் ஐம்பது வருஷம் கொடி கட்டிப் பறந்தவர். நடிகர், நாடகாசிரியர், காட்சி ஜோடனைக்காரர், ஐரிஷ் மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதிய எழுத்தாளர். தாம் 1899-இல் அயர்லாந்தின் தென்கோடியில் உள்ள கார்க் நகரத்தில் பிறந்ததாக அவரே எழுதினார். சின்ன வயசில் குடும்பம் லண்டனுக்குக் குடிபோயிற்று. வாலிபத்தில் தாய்நாடு திரும்பினேன் என்று சொன்னார். அயர்லாந்து நம்பிற்று. நம்பாமல் இருக்க என்ன இருந்தது? அவர் பேசிய ஐரிஷ், ஊரில் பிறந்தவர்களில் பெரும்பாலோருக்கு வராத ஐரிஷ்.

1978-ஆம் வருஷம் மார்ச் 6-ஆம் தேதி அவர் காலமானார். அதன் பிறகு வாழ்க்கை வரலாறு எழுத முனைந்தவர்கள் ஆதாரங்களைத் தேடினார்கள். 1990-இல் ஒரு வரலாறு வெளிவந்தது. அதற்குள் உண்மை வெளியே வந்துவிட்டது. அவர் கார்க்கில் பிறக்கவில்லை. லண்டனில் கென்ஸல் கிரீன் என்ற பகுதியில் பிறந்தவர். சொந்தப் பெயர் ஆல்பிரட் வில்மோர். தாய் வழியிலோ தந்தை வழியிலோ அயர்லாந்தோடு எந்த உறவும் கிடையாது. சுத்தமான ஆங்கிலேயர்!

இதைப் படித்தபோது முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அத்தையின் ஞாபகம் வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

ஆல்பிரட் வில்மோர் லண்டனில் ஒரு பால நடிகன். 1911-இல் 'தங்கமீன்' என்ற குழந்தைகள் நாடகத்தில் நடித்தான். அதே நாடகத்தில் நடித்த இன்னொரு சிறுவன் நோயல் கவர்ட். பிற்காலத்தில் ஆங்கில மேடையில் பெரும் புகழ் பெற்றவர். ஆக, லண்டனில் ஆல்பிரடுக்கும் வழி திறந்துதான் இருந்தது. ஆனால் பதின்மூன்று பதினேழு வயசுக்குள் அந்தப் பையனுக்கு ஒரு பித்துப் பிடித்தது. கவிஞர் யேட்ஸின் எழுத்தில் மயங்கினான். ஐரிஷ் மொழியை மீட்பதற்காக 1893-இல் தொடங்கிய கேலிக் லீக் என்ற சங்கம் லண்டனிலும் வகுப்பு நடத்தியது. அங்கே போய் அந்த மொழியைக் கற்றான். 1917-இல் கடல் தாண்டி டப்ளினுக்குப் போய்விட்டான்.

அது எப்படிப்பட்ட காலம் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். முந்தைய வருஷம்தான் டப்ளினில் கிளர்ச்சி வெடித்து, தலைவர்களை வரிசையாகச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். ஆளும் சாதியில் பிறந்த பையன் ஆளப்படும் ஜனங்களின் பக்கம் போய்ச் சேர்ந்துகொண்டான். பிரிட்டனில் 1916-இல் வந்த கட்டாயப் பட்டாளச் சட்டம் அயர்லாந்துக்குப் பொருந்தவில்லை. அதற்குப் பயந்தும் போயிருக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கட்டும். பட்டாளத்துக்குப் பயந்து ஓடுகிறவன் ஒளிந்துகொள்ள இடம் தேடுவான். இலக்கணப் புத்தகம் தேட மாட்டான்.

வில்மோர் என்ற பெயருக்கு ஓர் ஐரிஷ் சட்டை தைத்துப் போட்டான். மக்லியாமோர் ஆயிற்று. ஆல்பிரட் மீஹால் ஆனான். 1922-இலேயே ஐரிஷ் மொழியில் குழந்தைகளுக்குக் கதைப் புத்தகம் எழுதி வெளியிட்டான். இனிமேல் 'அவர்' என்றே சொல்ல வேண்டும். அவர் செய்த காரியங்கள் அப்படி.

1928-ஆம் வருஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்குக் கடற்கரையில் கால்வே என்ற ஊரில் ஐரிஷ் மொழிக்கென்றே ஒரு நாடக அரங்கம் அந்த ஆகஸ்டில் திறந்தது. இன்றும் அது நடக்கிறது. அதன் முதல் நாடகம் டியர்மட், கிரானியா என்ற பழைய ஐரிஷ் காதலர்களின் கதை. எழுதியவர் மீஹால்; கதாநாயகனாக நடித்தவரும் மீஹால். அடுத்த இரண்டு மாசத்தில், அக்டோபரில், டப்ளினில் அவரும் ஹில்டன் எட்வர்ட்ஸும் சேர்ந்து கேட் தியேட்டரைத் தொடங்கினார்கள். சொந்தக் கொட்டகை கிடையாது. நூறு பேர் உட்காரக்கூடிய ஒரு சின்ன அரங்கை வாடகைக்கு எடுத்து, இப்ஸனின் 'பீர் கிண்ட்' நாடகத்தைப் போட்டார்கள். மலையும் கடலும் பாலைவனமும் வருகிற பிரம்மாண்டமான நாடகம் அது! 1930-இல் ரொட்டண்டா கட்டிடத்துக்குக் குடிபோனார்கள். டப்ளினில் அதற்கு முன்பே 1904 முதல் ஆபி தியேட்டர் பெரும் பேரோடு நடந்துகொண்டிருந்தது. ஆபி சொந்த நாட்டைச் சொந்த நாட்டுக்குக் காட்டிற்று. கேட் உலகத்தை அந்த நாட்டுக்குக் காட்டிற்று. எட்வர்ட்ஸ் டைரக்டர். மீஹால் பாதி நாள் கதாநாயகன். மீதி நாள் கையில் தூரிகையோடு படுதா எழுதுகிறவர்.

1929-இல் அவர்கள் போட்ட ஒரு நாடகத்தைச் சொல்லாமல் போக முடியவில்லை. டெனிஸ் ஜான்ஸ்டன் எழுதி, ஆபி வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய நாடகம். 1803-இல் தூக்கிலிடப்பட்ட ஐரிஷ் வீரன் ராபர்ட் எம்மெட்டாக நடிக்கிறான் ஒரு நடிகன். மேடையில் தவறிப்போய் மண்டையில் பலமாக அடி விழுந்துவிடுகிறது. நினைவு தடுமாறுகிறது. தான் நிஜமாகவே எம்மெட் என்று நினைத்துக்கொண்டு, வேஷத்தோடு தற்கால டப்ளின் தெருக்களில் அலைகிறான். அந்த நடிகன் பாத்திரத்தை ஏற்றவர் மீஹால். போட்ட வேஷத்திலிருந்து வெளியே வர முடியாத நடிகனாக நடித்தார். அவர் பேர் நிலைத்துப்போன வேஷங்களில் அது ஒன்று. கொட்டகையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு அவர் யார் என்று தெரிந்திருக்கும்?

இன்னும் வேடிக்கையான சம்பவம் ஒன்று உண்டு. 1931-இல் அமெரிக்கப் பையன் ஒருவன் கேட் தியேட்டர் வாசலில் வந்து நின்றான். பதினாறு வயசு. தான் நியூயார்க் மேடையில் பிரபல நடிகன் என்று கூசாமல் அளந்தான். அத்தனையும் புளுகு. புளுகைவிட அவன் நடித்துக் காட்டியதில் இருந்த வேகம் அவர்களுக்குப் பெரிதாகப் பட்டது. ஒரு முக்கியமான வேஷத்தையே கொடுத்தார்கள். அந்தப் பையன்தான் ஆர்ஸன் வெல்ஸ்.

மேஜைக்கு இந்தப் பக்கம் வராத புகழை வந்ததாகச் சொல்லும் பையன். அந்தப் பக்கம் பிறக்காத ஊரில் பிறந்ததாகச் சொல்லும் மனிதர். பதினெட்டு வருஷம் கழித்து, 1949-இல், அதே பையன் உலகப் புகழோடு இயாகோ வேஷத்துக்கு மீஹாலைக் கூப்பிட்டார். அப்போது மீஹாலுக்கு ஐம்பது வயசு நெருங்கிக்கொண்டிருந்தது. மொராக்கோவிலும் வெனிஸிலும் படம் பிடித்தார்கள். பணம் தீர்ந்துபோகும்; வெல்ஸ் வேறு படங்களில் நடித்துச் சம்பாதிக்கப் போய்விடுவார்; மற்றவர்கள் காத்துக் கிடப்பார்கள். ஒரு சமயம் தைக்கக் கொடுத்த உடுப்புகள் வந்து சேரவில்லை. உடனே அந்தக் கொலைக் காட்சியை நீராவிக் குளியல் கூடத்தில் நடப்பதாக மாற்றி, எல்லோருக்கும் துண்டைக் கட்டிவிட்டு எடுத்துவிட்டார் வெல்ஸ். 1952-இல் கான் பட விழாவில் அந்தப் படத்துக்குப் பெரும் பரிசு கிடைத்தது. பட்ட பாட்டையெல்லாம் மீஹால் ஒரு நாட்குறிப்புப் புத்தகமாக எழுதி அதே வருஷம் வெளியிட்டார். சிரிக்கச் சிரிக்க எழுதிய புத்தகம்.

இயாகோவின் தொழில் என்ன? தான் எதுவோ அதை மறைத்து, வேறொன்றாகத் தோன்றுவது. அந்த வேஷத்துக்கு இவரைவிடப் பொருத்தமானவர் யார் என்று நீங்கள் கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். யோசிக்க யோசிக்க, அந்த ஒப்புமை சரியில்லை என்று பட்டது. இயாகோவின் பொய் அடுத்தவன் வீட்டைக் கொளுத்துவதற்கு. மீஹாலின் பொய் தாமே ஒரு வீடு கட்டிக்கொண்டு குடியேறுவதற்கு. இரண்டும் பொய்தான், ஆனால் இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தலாமா?

பொய்யும் உண்மையின் ஸ்தானத்தைப் பெறலாம் என்று திருவள்ளுவரே ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார். சும்மா ஒதுக்கவில்லை, அதிலிருந்து விளையும் நன்மை குற்றமில்லாததாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறார். அந்த நிபந்தனையைக் கையில் வைத்துக்கொண்டுதான் இந்த மனிதரைப் பார்க்க வேண்டும்.

நன்மை விளைந்ததா? விளைந்தது. இரண்டு அரங்கங்கள். ஒரு மொழிக்கு நாடகமும் கதையும். 1960-இல் அவர் தொடங்கிய தனி நபர் நிகழ்ச்சி ஒன்று. ஆஸ்கர் வைல்டின் வாழ்க்கையையும் எழுத்தையும் மேடையில் ஒற்றை ஆளாக நின்று சொன்னார். நாடு நாடாகக் கூட்டம் கூடிற்று. வைல்ட் டப்ளினில் பிறந்து லண்டன்காரராக வாழ்ந்தவர். இவர் லண்டனில் பிறந்து டப்ளின்காரராக வாழ்ந்தவர். ஓர் ஆடவனை நேசித்த குற்றத்துக்காக 1895-இல் வைல்டுக்கு இரண்டு வருஷக் கடுங்காவல் விதித்தார்கள். அந்தச் சட்டம் அயர்லாந்தில் 1993 வரை நீடித்தது. மீஹாலும் எட்வர்ட்ஸும் அந்தச் சட்டத்தின் நிழலில் ஐம்பது வருஷம் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்தவர்கள். பறை அறிவிக்கவும் இல்லை, ஒளிக்கவும் இல்லை. ஊருக்குத் தெரியும். மீஹாலின் இறுதிச் சடங்குக்கு நாட்டின் ஜனாதிபதியே வந்தார். துக்கம் விசாரித்தவர்கள் எட்வர்ட்ஸிடம்தான் விசாரித்தார்கள்.

இங்கேதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். எதை மறைத்தால் தப்பிக்கலாமோ, எதை அவருடைய காலத்தில் எத்தனையோ பேர் உயிருக்குப் பயந்து மறைத்தார்களோ, அதை அவர் மறைக்கவில்லை. மறைக்க அவசியமே இல்லாத பிறந்த ஊரை மறைத்தார்!

அவசியமே இல்லை என்று எப்படிச் சொல்கிறேன்? பக்கத்தில் நின்ற எட்வர்ட்ஸைப் பாருங்கள். அவரும் லண்டனில் பிறந்த ஆங்கிலேயர்தான். கடைசிவரையில் ஆங்கிலேயராகவே இருந்தார். டப்ளின் அவரை ஒதுக்கியதா? 1973-இல் நகரத்தின் மிகப் பெரிய கௌரவத்தை இருவருக்கும் சேர்த்தே கொடுத்தது. மெய் சொன்னவருக்கும் பொய் சொன்னவருக்கும் ஒரே மாலை. அப்படியானால் மீஹாலின் பொய் ஊரை ஏமாற்றுவதற்காக ஏற்பட்டதல்ல. ஊர் அதைக் கேட்கவே இல்லை. அவருக்கே அது தேவைப்பட்டது. பிற்காலத்தில் கன்னங்கரேலென்ற பொய் முடியும் முகப்பூச்சுமாக அவர் பட்டப்பகலில் தெருவில் நடப்பார் என்று சொல்வார்கள். வயசானவர் என்று யாருக்குத் தெரியாது? தெரிந்தாலும் வேஷம் வேண்டியிருந்தது.

நானும் புனைபெயரில் எழுதுகிறவன்தான். பெயரை மாற்றிக்கொண்டவனுக்கு மீஹாலைக் குறை சொல்ல வாய் உண்டா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மேடையில் இயாகோ பொய் சொன்னால் அது பொய்யல்ல. டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர், இரண்டு மணி நேரம் ஏமாறச் சம்மதித்து உட்கார்ந்தவர். என் நாவலைப் பிரிக்கிறவரும் அப்படித்தான் பிரிக்கிறார். புனைபெயரும் கொட்டகை வாசலில் மாட்டிய பலகை மாதிரி. யாரையும் அது ஏமாற்றுவதில்லை. ஆனால் 'என் வாழ்க்கையைச் சொல்கிறேன்' என்று ஒருவன் தொடங்கும்போது, கேட்கிறவர் அந்தச் சம்மதத்தைக் கொடுக்கவில்லை. அவர் வேறொரு வாசல் வழியாக, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே வந்திருக்கிறார்.

மீஹால் தம் சுயசரிதையை 1946-இல் வெளியிட்டார். 'எல்லாம் ஹெகுபாவுக்காக' என்று பெயர். ஹாம்லெட் நாடகத்தில் ஒரு நடிகன், என்றோ வாழ்ந்த ஹெகுபா என்ற ராணிக்காகக் கண்ணீர் விடுகிறான். அவளுக்கும் அவனுக்கும் என்ன உறவு, ஏன் அழுகிறான் என்று ஹாம்லெட் வியக்கிறான். அந்த இடத்திலிருந்து எடுத்த தலைப்பு அது. தனக்கு உறவே இல்லாத ஒருத்திக்காக நிஜமாக அழும் நடிகன்! தம் புத்தகத்தின் அட்டையிலேயே உண்மையை எழுதி வைத்துவிட்டு, உள்ளே கார்க் நகரத்தில் பிறந்தேன் என்று எழுதிய மனிதரை என்னவென்று சொல்வது?

ஆயினும் அவரை வெறும் பொய்யர் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. சாதாரணமாகப் பொய் சொல்லுகிறவன் உழைக்காமல் ஒன்றைப் பெறுவதற்காகச் சொல்கிறான். பரீட்சை எழுதாமல் பட்டம் போட்டுக்கொள்கிறான். இவர் பரீட்சைக்கு மேல் பரீட்சையாக அறுபது வருஷம் எழுதினார். நான் ஐரிஷ்காரன் என்று சொல்லிவிட்டு, சொன்ன சொல்லுக்கு விலையாக மொழியைக் கற்றார், நாடகம் எழுதினார், மூட்டை தூக்கி ஊர் ஊராக அலைந்தார். கடைசியில் அந்த மண்ணிலேயே புதைந்தார். பிறப்பு ஒருவனுக்குத் தானாகக் கிடைப்பது. அதில் அவன் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. இவர் சம்பாதித்த அயர்லாந்து, அங்கே பிறந்து சும்மா இருந்தவனுடைய அயர்லாந்தைவிட எந்த விதத்தில் குறைந்தது? பொய்யை வாழ்ந்து மெய்யாக்க முடியுமா என்றால், முடியும் போலத்தான் இருக்கிறது. விலையைத் தானே கட்டினால் முடியும்.

ஆனால் முழு விலையையும் அவர்தான் கட்டினாரா?

கென்ஸல் கிரீனில் ஒரு வீடு இருந்தது. அதில் ஒரு தகப்பனாரும் தாயாரும் இருந்தார்கள். பையனைப் பெற்று, வளர்த்து, ஒத்திகைக்கு அனுப்பி வைத்தவர்கள். பையன் எழுதிய சரித்திரத்தில் அவர்கள் வேறு ஊர்க்காரர்களாகிவிட்டார்கள். அவர்களுடைய வீடு, தெரு, முன்னோர், வில்மோர் என்ற பெயர் எல்லாவற்றின் மேலும் அழகான பச்சை வர்ணம் பூசியாகிவிட்டது. அவருடைய சகோதரி மார்ஜோரி, அன்யூ மக்மாஸ்டர் என்ற நாடகக் கம்பெனி முதலாளியை மணந்தவர். அந்தக் கம்பெனியில்தான் மீஹாலும் எட்வர்ட்ஸும் 1927-இல் சந்தித்தார்கள். தம்பி எங்கே பிறந்தான் என்று அக்காளுக்குத் தெரியாதா? யாராவது ஒருவர், "கார்க்கில் உங்கள் வீடு எந்தத் தெருவில் இருந்தது?" என்று கேட்டுவிட்டால், அந்த அம்மாள் தம் குழந்தைப் பருவத்தையே விட்டுக்கொடுத்துத்தான் தம்பியைக் காப்பாற்றியாக வேண்டும்.

ஊரார் யாருக்கும் ஒரு காசு நஷ்டமில்லை. வள்ளுவரின் நிபந்தனை ஊரார் கணக்கில் நிறைவேறிவிட்டது. வீட்டார் கணக்கில்? அங்கே ஒரு பாக்கி நிற்கிறது. பொய் சொல்லுகிறவன் தனக்கு ஒன்றைச் சேர்த்துக்கொள்வது மட்டுமல்ல, யாரையோ ஒருவரை அழித்துவிட்டு அந்த இடத்தில் எழுதுகிறான். நான் பார்க்க வேண்டியது அந்த அழிந்த பெயரைத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அவருக்கும் அது தோன்றியிருக்குமோ? 1977-இல், இறப்பதற்கு முந்தைய வருஷம், அவர் கடைசியாக ஒரு நினைவுப் புத்தகம் எழுதினார். அதன் தலைப்பு, 'தங்கமீன் நுழைகிறது'. அறுபத்தாறு வருஷத்துக்கு முன்னால் லண்டன் மேடையில் ஆல்பிரட் வில்மோர் நடித்த அந்தக் குழந்தைகள் நாடகம்! கார்க் நகரத்தின் எந்த ஆற்றிலும் நீந்தாத மீன் அது. எவ்வளவு ஆழத்தில் போட்டு மூடினாலும் அது மேலே வந்து வாயைத் திறந்திருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். அத்தை கூடத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பேச்சுக்கு நடுவில் மெதுவாகச் சொன்னேன்.

"அத்தை, அந்தக் கட்டுரையில பாட்டின்னு எழுதினது தப்பு. புஸ்தகமா வரும்போது உங்க பேரைப் போட்டுத் திருத்திடறேன்."

அத்தை சற்று நேரம் பேசவில்லை. பிறகு சிரித்தாள்.

"அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம்ப்பா. பாட்டின்னே இருக்கட்டும். கேக்கிறதுக்கு அதுதான் நல்லா இருக்கு. நான் எங்கே உன்னை மடியில போட்டுக் கதை சொன்னேன்? வேலை ஏவிக்கிட்டே இருந்தேன்."

அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவளே போகட்டும் என்று சொல்லிவிட்டாள். ஆனால் அந்தச் சிரிப்பில் ஒன்றைப் பார்த்தேன். நான் எழுதிய பாட்டியைப் பார்த்து, தான் அப்படி இருந்திருக்கக் கூடாதா என்று அவள் ஏங்கிவிட்டாள். அவளை அழித்தேன் என்பதோடு போகவில்லை. அவள் நிஜமாகக் கொடுத்தது போதாது என்று அவளையே நினைக்க வைத்துவிட்டேன்.

கென்ஸல் கிரீன் வீட்டில் இருந்தவர்களிடம் போய் யாரும் இப்படி மன்னிப்புக் கேட்க முடியாது. எனக்கு அந்தப் பாக்கியம் கிடைத்தது. அத்தையின் பேச்சைத் தட்டிவிட்டு, அந்தக் கட்டுரையில் பாட்டி என்று இருந்த இடத்திலெல்லாம் அத்தை என்று மாற்றினேன். திண்ணையையும் மடியையும் எடுத்துவிட்டு, அரிசி முறத்தையும் செம்புத் தண்ணீரையும் வைத்தேன். திருத்திய பிறகு படித்துப் பார்த்தேன். முன்பு இருந்த அளவு அழகாக இல்லை. யாரும் உருகிக் கடிதம் எழுதமாட்டார்கள். இருந்தாலும் அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.